பகலில் குரங்கு, இரவில் தேரை

ஆரணிப் பக்கம் உழவர் பயிற்சிக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். நெல்லில் குருத்துப்பூச்சி, கத்தரியில் காய்த்துளைப்பான், நிலக்கடலையில் புரோடினியா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, தேநீர் வரும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இதெல்லாம் சரிங்க ஐயா, குரங்குக்கு என்ன மருந்து?" என்று கேட்பார். அரங்கம் சிரிக்கும். கேட்டவர் மட்டும் சிரிக்க மாட்டார். நாலு மாதம் பாடுபட்ட கடலையை நாலு நாளில் பறிகொடுத்தவராக அவர் இருப்பார்.

குரங்குக்கு மருந்து கிடையாது. ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லும்போது, யாருமே கேட்காத இன்னொரு உயிரினத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதுதான் தேரை. இரண்டும் உங்கள் நிலத்துக்கு வந்து போகின்றன. ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டு வாழைப்பழம் கொடுக்கிறோம். மற்றொன்றைத் துடைப்பத்தால் தள்ளுகிறோம். வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தால் நமது மரியாதை சற்று இடம் மாறித்தான் இருக்கிறது.

இங்கே ஆரணி என்பது பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஆரணியாற்றை ஒட்டியுள்ள ஆரணி. பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து பழவேற்காட்டுப் பக்கம் சென்று சேரும் அந்த ஆற்றின் இருபுறமும் நெல், நிலக்கடலை, கத்தரி, வெண்டை, மல்லிகை என்று பயிர்கள் நிற்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. பல வீடுகளில் தகப்பனார் ஏர் பிடிக்க, மகன் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார். ஆகையால் ஷிப்டு என்றால் என்ன என்பதை இப்பகுதி உழவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குரங்கு பகல் ஷிப்டு. தேரை இரவு ஷிப்டு. பொழுது விடிந்ததும் ஒன்று இறங்கும், மற்றொன்று ஒளியும். அந்தி சாய்ந்ததும் இது மாறும்.

யார் இவர்கள்?

நம் ஊர்களில் காணப்படுவது நாட்டுக் குரங்கு. தலை உச்சியில் முடி வட்டமாகப் பிரிந்து குல்லாய் வைத்தாற்போல் இருப்பதால் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வதுண்டு. இதன் அறிவியல் பெயர் மக்காக்கா ரேடியேட்டா. வால் உடலைவிட நீளமானது. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. வட இந்தியாவில் காணப்படும் சிவந்த முகமும் குட்டை வாலும் கொண்ட செங்குரங்கு வேறு இனம்.

தேரையோ தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவிய இனம். டட்டாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்பது இதன் இன்றைய அறிவியல் பெயர். பழைய பாடநூல்களில் புபோ மெலனோஸ்டிக்டஸ் என்று இருக்கும். தவளைக்கும் தேரைக்கும் வேறுபாடு தெரியாதவர் கிராமத்தில் இல்லை. தவளை வழவழப்பானது, நீண்ட காலால் தாவும், நீரை விட்டு வெகுதூரம் போகாது. தேரை சொரசொரப்பானது, குட்டைக் காலால் தத்தித் தத்திப் போகும், மேட்டு நிலத்திலும் வாழும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு கட்டியிருப்பதால் மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர்போல் தோற்றமளிக்கும். கண்ணுக்குப் பின்னால் அவரைக் கொட்டை போன்ற இரண்டு புடைப்புகள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

எச்சம் சொல்லும் சாட்சி

இரண்டும் என்ன சாப்பிடுகின்றன என்பதற்கு நீங்கள் எந்தப் புத்தகத்தையும் நம்ப வேண்டாம். எச்சத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் காலையில் வரப்பின் மீது, சுண்டு விரல் பருமனில், கறுப்பாக, உலர்ந்தால் உதிரக்கூடிய ஒரு பொருள் கிடக்கும். பலர் அதை எலிப் புழுக்கை என்று எண்ணுவர். ஆனால் எலிக்கு அவ்வளவு பெரிதாக வராது. ஒரு குச்சியால் அதை உடைத்துப் பாருங்கள். வண்டின் பளபளப்பான மேல் சிறகு, எறும்பின் தலை, வெட்டுக்கிளியின் கால் என்று துண்டு துண்டாகத் தெரியும். முந்தைய இரவு அந்த வரப்பில் நடந்த வேட்டையின் ரசீது அது.

தேரை ஓடித் திரிந்து வேட்டையாடுவதில்லை. ஓரிடத்தில் அமர்ந்திருக்கும். எதிரே ஏதாவது அசைந்தால் நாக்கை நீட்டி ஒட்டி எடுத்துக்கொள்ளும். அசையாத பொருள் அதற்கு உணவாகத் தெரியாது. பல் இல்லாததால் மெல்லவும் முடியாது. விழுங்கும்போது இரு கண்களையும் உள்ளே அமுக்கி, அந்த அழுத்தத்தால் இரையைத் தொண்டைக்குள் தள்ளும். வாசல் விளக்கின் கீழ் ஈசலைத் தின்னும் தேரையைச் சற்று நேரம் பார்த்தால் கண் மூடி மூடித் திறப்பது தெரியும். எறும்பு, கறையான், வண்டு, பாச்சை, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, புழு என்று வாய்க்கு அடங்கிய எதையும் விடாது.

நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி. மானாவாரிக் கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, நல்ல மழை பெய்ததும் இரவில் வெளிவருகிறது. வேர்ப்புழுவின் தாய் வண்டும் கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில்தான் மண்ணை விட்டுக் கிளம்பும். புரோடினியாப் புழு வளர்ந்த பின் பகலில் மண் இடுக்கில் மறைந்திருந்து இரவில் ஏறி இலையைத் தின்னும். இம்மூன்றும் தரையில் இருக்கும் அந்த நேரமும், தேரை பசியோடு வெளிவரும் நேரமும் ஒன்றே. முதல் மழைக்குப் பின் விளக்குப் பொறி வைக்கச் சொல்கிறோம் அல்லவா? வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். பொறியில் விழாமல் தரையில் விழும் பூச்சிகளுக்காக நான்கைந்து தேரைகள் வட்டமாக அமர்ந்திருக்கும்.

தேரையால் பூச்சித் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெல்லின் தண்டுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சிப் புழுவை அது தொட முடியாது. கத்தரிக் காய்க்குள் இருக்கும் புழுவையும் அப்படியே. மண்புழுவையும், நமக்கு நன்மை செய்யும் தரை வண்டையும்கூட அது பேதம் பாராமல் தின்னும். பூச்சிகள் பெருத்துப் படையெடுக்கும் ஆண்டில் தேரையை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் படையெடுப்பு இல்லாத சாதாரண ஆண்டுகளில் பூச்சி எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாமல் இருப்பதற்குப் பறவை, சிலந்தி, குளவி, தவளை ஆகியவற்றோடு தேரையும் ஒரு காரணம். கூலி கேட்காத காரணம்.

இனி குரங்கின் எச்சம். அதில் விதைகள் இருக்கும். ஆல், அரசு, அத்தி முதலிய மரங்களின் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவது குரங்கின் வேலை. காட்டுக்கும் சாலை மரங்களுக்கும் அது செய்யும் உதவி சிறியதன்று. பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும். ஆனால் கடலை நிலத்தில் இறங்கிவிட்டால் அது வேறு ஆள். செடியைப் பிடுங்கும், முற்றாத காயாக இருந்தால் எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். வெண்டையிலும் கொய்யாவிலும் ஒரு கடி கடித்துக் கீழே போடும். தின்பது கொஞ்சம், வீணாக்குவது அதிகம்.

அதற்கு இரு கன்னங்களிலும் பை உண்டு. அந்தப் பை கிட்டத்தட்ட வயிற்றின் கொள்ளளவுக்கு நிகரானது. ஆகவே குரங்கு உங்கள் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஐந்து நிமிடத்தில் கன்னத்தை நிரப்பிக்கொண்டு மரத்துக்கு ஓடி, அங்கே நிதானமாக மெல்லும். நீங்கள் கூச்சல் கேட்டு வீட்டிலிருந்து கம்புடன் வருவதற்குள் கணக்கு முடிந்திருக்கும். குரங்கை நிலத்திலிருந்து விரட்டுவதால் பயன் குறைவு, நிலத்துக்குள் இறங்கவிடாமல் தடுப்பதே பயன் தரும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பிள்ளை, ஆயிரம் முட்டை

இனப்பெருக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, எதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெண் குரங்கு ஏறத்தாழ ஐந்தரை மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அது தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே வளரும். குட்டி வளர்ந்து தானும் ஈனுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் தாயைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொள்கிறது: எந்த மரத்தில் எப்போது பழம், எந்த வீட்டின் சமையலறைக் கதவு திறந்திருக்கும், எந்தக் கடலைக் கொல்லையில் காவல் இல்லை என்பதெல்லாம் கூட்டத்தின் பரம்பரைச் சொத்தாகப் போய்ச் சேர்கிறது. வெடிச் சத்தமும் பொம்மையும் இரண்டு வாரத்தில் பயனற்றுப் போவது இதனால்தான். ஒரு குரங்கு பயம் தெளிந்தால் கூட்டமே தெளிந்துவிடுகிறது.

தேரைக்குத் தாய்ப் பாசம் கிடையாது. மழை பெய்து குட்டை நிறைந்த இரவில் ஆண் தேரைகள் கரையில் அமர்ந்து விடாமல் குரல் கொடுக்கும். பெண் தேரை ஆயிரக்கணக்கான முட்டைகளை, மணிமாலை போன்ற இரட்டைச் சரமாக, தண்ணீருக்குள் இருக்கும் புல்லில் சுற்றிவிட்டுப் போய்விடும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிந்து, கறுப்புக் கறுப்பாய்த் தலைப்பிரட்டைகள் மொய்க்கும். அவை கால் முளைத்து, வால் சுருங்கி, சுண்டைக்காய் அளவுக்கும் சிறிய தேரைகளாகக் கரை ஏற ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். ஆயிரத்தில் பிழைப்பது மிகச் சில.

எனவே குரங்குக் கூட்டம் பெருகுவதும் குறைவதும் நாம் போடும் சோற்றைப் பொறுத்தது. தேரைக் கூட்டம் பெருகுவதும் குறைவதும் ஒரு மாத காலம் ஒரு குட்டையில் நஞ்சில்லாத தண்ணீர் நிற்பதைப் பொறுத்தது.

அந்த ஒரு மாதத்தில்தான் நாம் பெரும்பாலும் தவறு செய்கிறோம். சம்பாப் பயிருக்குக் களைக்கொல்லி போட்ட தண்ணீரையும், குருணை மருந்து இட்ட தண்ணீரையும் மடை திறந்து கீழேயுள்ள குட்டைக்கு விட்டுவிடுகிறோம். நெல் வயலில் இடும் பூட்டாக்குளோர் போன்ற களைக்கொல்லி தலைப்பிரட்டைகளுக்கு மிகவும் கொடியது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ந்த தேரைக்கும் ஆபத்து உண்டு. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத் தரையில் வயிற்றைப் பதித்துத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் புகும் வழியில் மருந்தும் புகும். புரோடினியாவுக்காக மாலையில் வைக்கும் நச்சுத் தவிட்டு உருண்டையை, அது அசையாத பொருளாகையால், தேரை தீண்டாது. ஆனால் அதைத் தின்றுவிட்டுத் தள்ளாடும் புழுவைத் தேடிப் பிடித்து விழுங்கும்.

தொழிற்பேட்டையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்தத் தேரை ஓரளவு அழுக்குத் தண்ணீரையும் சகித்துக்கொள்ளும் இனம். ஊர்ச் சாக்கடையிலும் முட்டையிடும். முன்பெல்லாம் மழை இரவில் தேரைச் சத்தம் கேட்ட குட்டையில், நல்ல மழை பெய்தும் சத்தமில்லை, தலைப்பிரட்டையும் இல்லை என்றால், அந்தத் தண்ணீரைப் பயிருக்கு இறைக்கும் முன் ஒரு பாட்டிலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை இதற்கு அணுகலாம். தேரை இல்லாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். உப்பும் காரமும் கூடியிருந்தால் முதலில் நட்டப்படப்போவது உங்கள் நாற்றங்கால்தான் என்பதால், பார்த்துவிடுவது நல்லது.

வீண் பழிகள்

உள்ளீடு இல்லாத தேங்காயைத் தேரை விழுந்த தேங்காய் என்கிறோம். இளைத்துப்போன குழந்தையைத் தேரை விழுந்த குழந்தை என்கிறோம். தரையில் தத்தும் தேரை தென்னை மரத்தில் ஏறுவதில்லை. ஏறினாலும் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பைத் தின்ன அதற்குப் பல் இல்லை. தேங்காய் வெறுங்காயாவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும், சாம்பல் சத்து, போரான் சத்துப் பற்றாக்குறையும் முக்கிய காரணங்கள். மண் பரிசோதனை செய்து பொட்டாஷும் போராக்சும் இட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை மரத்துக்கு 200 மில்லி வீதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேர் மூலம் கட்டலாம். குழந்தை இளைத்தால் அது ஊட்டக் குறைவோ நோயோ ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் பொய். மரு ஒரு வைரஸ் கிருமியால் வருவது.

ஆனால் ஒன்று உண்மை. முன்னர் சொன்ன அந்த அவரைக் கொட்டைப் புடைப்புகளில் பால் போன்ற நஞ்சு இருக்கிறது. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். மனிதர் தேரையைச் சமைத்து உண்டால் உயிருக்கே ஆபத்து. நஞ்சு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஆகவே கையால் எடுக்க நேர்ந்தால் பின்னர் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்ததும் அது பீச்சும் நீர் நஞ்சன்று, பையில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீர்தான். தேரை இருந்தால் பாம்பு வரும் என்று அஞ்சுவோரும் உண்டு. தேரையைத் தின்னும் பாம்புகள் உள்ளன என்பது சரியே. எனவே தேரைக்கு இடம் ஒதுக்குவதை வீட்டு வாசலில் செய்யாமல் வரப்பில் செய்யுங்கள். வாசல் விளக்கைத் தேவையில்லாத நேரத்தில் அணைத்தாலே பூச்சியும் தேரையும் வீட்டை விட்டு விலகும்.

குரங்கின் மீதும் ஒரு பழி இருக்கிறது. குரங்கு பெருத்துவிட்டது என்று நாம் சொல்கிறோம். மைசூர்ப் பகுதியில் நெடுங்காலம் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், சாலை அகலப்படுத்தலில் ஆலும் அரசும் வெட்டப்பட்ட இடங்களில் நாட்டுக் குரங்குக் கூட்டங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் கண்டிருக்கிறார்கள். சாலையோர மரத்தில் பரவலாக வாழ்ந்தவை, மரம் போனபின், சோறு கிடைக்கும் ஒரு சில இடங்களில் வந்து குவிகின்றன. கோயில் வாசல், நெடுஞ்சாலை உணவகம், ஆலைக் கேன்டீன் குப்பை ஆகியவை அந்த இடங்கள். ஊரில் பார்க்கும்போது பெருகியதுபோல் தெரிகிறது. நாட்டில் மொத்தமாகப் பார்த்தால் அருகி வருகிறது.

ஏற்றுமதி செய்த காலம்

இவ்விரண்டு உயிரின வகைகளையும் ஒரு காலத்தில் இந்தியா விலைக்கு விற்றது என்பது பலருக்குத் தெரியாது. 1950களில் போலியோ தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்காக ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள், பெரும்பாலும் வட இந்தியச் செங்குரங்குகள், வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. 1978இல் மத்திய அரசு அதை நிறுத்தியது. அதேபோல் தவளைக் காலும் கப்பலேறியது. நமது வயல்களில் இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்துத் தவளை பிடித்துக் காலை வெட்டி உறைய வைத்து அனுப்பினார்கள். தவளை குறைந்தால் வயலில் பூச்சி கூடும், விற்ற காசு பூச்சி மருந்துக்கே போகும் என்ற வாதம் எழுந்து, 1987இல் அந்த ஏற்றுமதிக்கும் தடை வந்தது. தேரையை மட்டும் யாரும் தேடிப் பிடிக்கவில்லை. அதன் நஞ்சு அதைக் காப்பாற்றியது.

தேரை நல்லது என்று சொன்னதும், கூடையில் பிடித்து வந்து நிலத்தில் விடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து ஒரு பெரிய தேரை இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு ஒழியவில்லை; தேரை கோடிக்கணக்கில் பெருகி, அதைக் கடித்த உள்நாட்டு விலங்குகளெல்லாம் நஞ்சால் மடிந்தன. நம் தேரையே கப்பல் சரக்கோடு மடகாஸ்கர் தீவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே தொல்லையாகியிருப்பது 2014இல் வெளிவந்தது. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருப்பவை பிழைத்தால் போதும்.

செய்ய வேண்டியவை

குரங்கைப் பொறுத்தவரை முதல் வேலை நிலத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. உணவு போடுவதை நிறுத்த வேண்டும். பக்தியால் போடும் பழமும், சாலையில் வண்டியிலிருந்து எறியும் பொட்டலமும், மூடாத குப்பைத் தொட்டியும் கூட்டத்தை உங்கள் ஊரில் நிறுத்தி வைக்கின்றன. சோறு குறைந்த உடனே குரங்கு போய்விடாது. முதல் சில வாரம் நிலத்தில் தொல்லை கூடத்தான் செய்யும். அதனால் இதை ஊராட்சி கூடிப் பேசி, கடலை காய் பிடிக்கும் முன்பே தொடங்க வேண்டும்; காய் பிடித்த பிறகு தொடங்கினால் நட்டம் உங்களுக்கு.

நிலத்தில் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ளது, ஒரு வெளியில் உள்ள எல்லோரும் ஒரே பட்டத்தில் ஒரே வாரத்தில் கடலை விதைப்பது. முந்தி விதைத்தவரும் பிந்தி அறுப்பவரும்தான் அதிகம் இழக்கிறார்கள். ஒரே நேரத்தில் விளைந்தால் சேதம் பலருக்கும் பிரிந்துபோகும், காவலையும் முறைவைத்துக் கொள்ளலாம். காலையில் வெயில் ஏறும் வரையும், பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் காவல் தேவை. இருட்டியதும் குரங்கு மரத்தை விட்டு இறங்காது. காவலாள் நடு நிலத்தில் பந்தல் போடாமல், மரத்தோப்பு இருக்கும் பக்கத்து ஓரத்தில் நிற்க வேண்டும். தோப்பை ஒட்டிய நிலத்தில் மிளகாய், மஞ்சள் போன்ற குரங்கு அதிகம் விரும்பாத பயிரைப் போட்டு, கடலையையும் வெண்டையையும் தள்ளி வையுங்கள். மிளகாய் வேலியாகிவிடாது, அதைத் தாண்டியும் குரங்கு வரும். ஆனால் அது கடக்கும் வெட்டவெளியில் உங்கள் கண்ணில் படும். சூரிய ஒளி மின்வேலி போடுபவர்கள் வேலிக்கு மேல் நீளும் கிளையைக் கழிக்காவிட்டால் போட்ட பணம் வீண்.

நஞ்சு வைப்பதையும், கண்ணி வைப்பதையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தொல்லை மிகுந்தால் ஊராட்சி மூலம் வனத்துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். பிடித்து வேறிடத்தில் விடுவதால் நிலையான தீர்வு கிடைப்பதில்லை. ஒரு கூட்டம் போன இடத்துக்கு, சோறு இருந்தால், இன்னொரு கூட்டம் வரும். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தேரைக்குச் செய்ய வேண்டியது இதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. வரப்பு மூலையில் நிழல் விழும் இடத்தில் நாலு கல்லையோ ஓர் உடைந்த பானையையோ கவிழ்த்து வையுங்கள். வரப்பை முழுவதும் சுரண்டி எரிக்காமல் ஓரிடத்தில் புல்லை விடுங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில், மருந்துத் தண்ணீர் வடியாத பக்கமாகப் பார்த்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் எடுத்து மழைத் தண்ணீரை ஒன்றரை மாதம் நிற்க விட்டால் போதும். களைக்கொல்லியும் குருணையும் இட்ட வயலில் தண்ணீரைச் சில நாட்கள் கட்டி வைத்து, மடை திறக்காமல் இருங்கள். மருந்தும் வேலை செய்யும், குட்டையும் பிழைக்கும்.

பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீருக்காக இறங்கும் தேரை வழுக்கும் தாளில் மேலே ஏற முடியாமல் நீந்திக் களைத்துச் செத்துவிடும். பழைய கோணிப்பை ஒன்றைக் கரையில் கட்டித் தண்ணீர் வரை தொங்கவிடுங்கள். அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும்.

ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் இரவு, எட்டு மணிக்கு மேல், டார்ச் விளக்குடன் உங்கள் வரப்பை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காலில் செருப்பு அவசியம். கண்ணில் படும் தேரைகளை எண்ணி, தேதி போட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மழைக்கு அதே வரப்பில் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கோடும், அவ்விரு ஆண்டுகளில் கடலைக்கு எத்தனை முறை மருந்து அடித்தீர்கள் என்ற விவரத்தோடும் பயிற்சிக்கு வந்தால், குரங்கைப் பற்றிக் கேட்பவருக்கு அடுத்தபடியாக உங்களைப் பேசச் சொல்கிறேன்.